பூவில் உட்காராத பறவை

உபாத்தியாயர்களுக்கு வரும் வியாதிகளுக்குள் மிகவும் பொல்லாதது ஒன்று உண்டு. தெரியாத விஷயத்தைத் தெரிந்த குரலில் சொல்வதுதான் அது. எனக்கு அந்த வியாதி இருபது வருஷ காலமாக இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளப் பூமியின் மறுபக்கத்துக்கு, தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் தேசத்துக்குப் போய் வர வேண்டியதாயிற்று. வைத்தியம் பார்த்தது ஐந்து கிராம் எடையுள்ள ஒரு பறவை. வியாதியை முதலில் கண்டுபிடித்தவன் ஏழாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன்.

நாங்குநேரிப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒரு நாள் பாடத்தில் "ஹம்மிங் பறவை" வந்தது. வழக்கம்போல் நான், "நம் ஊர்த் தேன்சிட்டுத்தான் அது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். வருஷந்தோறும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அதுவரை யாரும் ஆட்சேபித்ததில்லை. அன்று கடைசிப் பெஞ்சிலிருந்து அந்தப் பையன் எழுந்தான். பனையேறும் தொழிலாளி ஒருவரின் மகன்.

"ஸார், எங்க வீட்டுச் செம்பருத்தியில வார தேன்சிட்டு காம்புல உக்காந்துதான குடிக்கு? புஸ்தகத்துல பறந்துக்கிட்டே குடிக்கும்னுல்லா போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணா ஸார்?"

இதற்கு நான் சொன்ன பதிலை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. "உட்கார். இது பரீட்சையில் வராது" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. பையன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முடியும் வரையில் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

* * *

என் மைத்துனன் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் உத்தியோகம் பார்க்கிறான். அவனுக்குக் கொஞ்ச காலமாகப் பறவைப் பித்துப் பிடித்திருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிவப்புப் புட்டியைத் தொங்கவிட்டு, அதில் ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு ஜலம் கலந்து ஊற்றி வைப்பான். கோடைக்காலத்தில் செங்கழுத்து ஹம்மிங் பறவை அதைத் தேடி வரும். வட அமெரிக்காவின் கிழக்குப் பாகத்தில் கூடு கட்டி வாழும் ஹம்மிங் பறவை அந்த ஓர் இனந்தான். இலையுதிர் காலம் வந்ததும் அது தெற்கே கிளம்பிவிடும். அவற்றில் பல, மெக்ஸிகோ வளைகுடாவின் மீது எண்ணூறு கிலோமீட்டர் தூரத்தை எங்கும் தங்காமல் பறந்து கடக்கின்றன. அவ்வளவு தூரம் போகும் பிராணியின் சாதாரண எடை ஏறக்குறைய நம்முடைய ஒரு ரூபாய் நாணயத்தின் எடைதான்!

சென்ற வருஷம் அவன் டெலிபோனில் கூப்பிட்டான். "அத்தான், இங்கே ஓர் இனத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிற்று. ஈக்வடாரில் நூற்று முப்பது இனங்கள் இருக்கின்றனவாம். விடுமுறையில் நீங்களும் வாருங்கள். விமானக் கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்த மைல்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன" என்றான்.

இனாம் என்ற சொல்லுக்கு உபாத்தியாயர் உலகத்தில் இருக்கும் மகிமை நேயர்களுக்குத் தெரியாததல்ல. மே மாதத்தில் நான் புறப்பட்டேன். "கொசு கடித்தால் டாக்டரைப் பாருங்கள். குருவியைப் பார்த்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்துவிடாதீர்கள்" என்று என் மனைவி வழியனுப்பினாள்.

ஈக்வடார் என்பதற்கு ஸ்பானிய மொழியில் பூமத்திய ரேகை என்று பொருள். ரேகை அந்தத் தேசத்தின் வழியாகவே செல்கிறது. பரப்பில் நம் தமிழ்நாட்டைப் போல் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் அங்கே காணப்படும் பறவை இனங்கள் 1,600-க்கும் அதிகம். அதைப்போல் பத்து மடங்குக்கும் பெரிய நம் பாரத தேசத்தில் சுமார் 1,300 இனங்கள். இதற்குக் காரணம் ஆண்டிஸ் மலைத்தொடர். கடற்கரையிலிருந்து பனிமுடி வரையில் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு தனிச் சீதோஷ்ணம், தனிச் செடிகொடி, தனிப் பூ. பூவுக்கு ஏற்ற பறவை.

தலைநகரமான கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலத்தைவிட உயரம். விமானத்திலிருந்து இறங்கிய அன்று நாலு படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிற்று. ஆகாரத்தைப் பற்றிய பயம் மட்டும் அன்றிரவே தீர்ந்தது. உருளைக்கிழங்கையும் பாலாடைக் கட்டியையும் சேர்த்துக் காய்ச்சிய "லோக்ரோ" என்னும் கஞ்சி கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்திலேயே அரைத்த மிளகாய் இருந்தது. உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் உலகத்துக்குப் போயின என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன். நம் வீட்டு அம்மியில் நித்தியம் அரைபடும் மிளகாய்க்கு அதுதான் பிறந்தகம்!

* * *

மறுநாள் விடியற்காலையில் பிச்சிஞ்சா எரிமலையின் சரிவில் உள்ள யானகோச்சா என்னும் வனத்துக்குப் போனோம். கீட்டோவைக் காட்டிலும் உயரமான இடம். மூடுபனியில் முன்னால் நடக்கிறவரின் முதுகு மட்டுமே தெரிந்தது. எங்களுடன் வந்த வழிகாட்டி அறுபது வயதுக்காரர். சிறு வயது முதல் அந்த மலையில் திரிந்தவர். ஆங்கிலம் கொஞ்சந்தான் தெரியும். எனக்கு ஸ்பானியம் அதுவும் தெரியாது. இருந்தாலும், பறவையைக் காட்டுவதற்கு ஒரு விரல் போதுமல்லவா?

காதருகே "விர்" என்று ஒரு சப்தம். குளவி என்று நினைத்து நான் தலையைக் குனிந்தேன். வழிகாட்டி சிரித்தார். "கிந்தே" என்றார். அந்தப் பிரதேசத்தில் ஹம்மிங் பறவைக்கு வழங்கும் பெயர் அது. தமிழில் சிலர் ஓசனிச்சிட்டு என்கிறார்கள்.

அது ஒரு கொடிப்பூவின் முன்னால் வந்து நின்றது. நின்றது என்றால் கிளையில் அல்ல, வெறும் ஆகாசத்தில். உடல் அசையவில்லை. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது. சிறிய இனங்கள் விநாடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் சிறகை அடிக்கின்றனவாம். மற்றப் பறவைகள் சிறகைக் கீழே தள்ளும்போதுதான் காற்றில் தாங்கப்படுகின்றன. இதுவோ தோளோடு சிறகைத் திருப்பி, மேலே இழுக்கும்போதும் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. அந்தரத்தில் ஒரு படுத்த எட்டை எழுதுவது போன்ற வீச்சு. குடித்து முடித்ததும் அது திரும்பவில்லை. வந்த வழியிலேயே பின்னோக்கிப் பறந்து, பூவிலிருந்து அலகை உருவிக்கொண்டது. ராஜசபையில் முதுகு காட்டாமல் பின்வாங்கும் பிரதானியைப் போல் இருந்தது.

அப்பொழுது என் மனக்கண்ணின் முன் தோன்றியது ஆண்டிஸ் மலை அல்ல. ஏழாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சு. "காம்புல உக்காந்துதான குடிக்கு ஸார்?"

அன்று நான் பார்த்தவற்றுள் மறக்க முடியாதது வாளலகுப் பறவை. அதன் அலகு ஏறக்குறைய நான்கு அங்குலம். வாலை நீக்கிவிட்டால் உடலைவிட நீளம். உலகில் வேறெந்தப் பறவைக்கும் உடலோடு ஒப்பிட இவ்வளவு நீண்ட அலகு கிடையாது. கிளையில் அமரும்போது பாரம் தாங்காமல் அலகை மேலே தூக்கிக்கொண்டு, நாமக்காரர் ஆகாயத்தைப் பார்ப்பதுபோல் உட்காருகிறது. இந்த அலகால் தன் இறகைக் கோதிக்கொள்ள முடியாதாகையால் காலால்தான் சொறிந்துகொள்கிறது. ஆனால், நீண்ட குழாய்போல் தொங்கும் சில மலைப்பூக்களின் அடியிலுள்ள தேன், இந்த ஒரு பறவைக்கென்றே வைத்துப் பூட்டிய பெட்டி. பூ அதற்குத் தேன் கொடுக்கிறது. அது பூவின் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒன்று அழிந்தால் மற்றதற்கும் திண்டாட்டந்தான்.

அந்தக் குளிரில் இத்தனை சிறிய உடம்பு இரவை எப்படிக் கழிக்கிறது என்று கேட்டேன். பகலில் இவற்றின் இதயம் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேலும் துடிக்கும். அந்த வேகத்தில் இரவு முழுவதும் எரிந்தால் விடிவதற்குள் பட்டினியால் மாண்டுவிடும். ஆகையால் அவை இருட்டியதும் உடலின் சூட்டையே தணித்துக்கொண்டு, பிணம்போல் விறைத்துக் கிடக்கின்றன. பெரு தேசத்து ஆண்டிஸ் மலையில் ஆராய்ச்சி செய்தவர்கள் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஓர் இனத்தின் உடல் வெப்பம் 3.3 டிகிரி வரையில் இறங்கியிருக்கிறது. காலையில் உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு மறுபடி எழுகின்றன. தினந்தோறும் மரணம், தினந்தோறும் ஜனனம்!

* * *

இனிப் புகைப்படக் கதைக்கு வருகிறேன்.

மலையின் மேற்குச் சரிவில், மேகம் தவழும் காட்டுக்கு நடுவே மிண்டோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே நாலு நாள் தங்கினோம். மைத்துனன் தன் பழைய காமிராவையும், பீரங்கி போன்ற ஒரு லென்ஸையும் என் கழுத்தில் மாட்டிவிட்டான். முதல் நாள் நான் எடுத்த படங்கள் சுமார் எண்ணூறு. இரவு அவற்றைச் சோதித்தோம். முந்நூறு படங்களில் வெறும் பூ. இருநூறு படங்களில் வால் மாத்திரம். மிச்சத்தில் ஏதோ பச்சைக் கறை. ஒரே ஒரு படம் தெளிவாக விழுந்திருந்தது. அதில் இருந்தது மைத்துனனின் காது.

மறுநாள் வழிகாட்டி என் கையிலிருந்த காமிராவை மெதுவாக வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "முதலில் ஒரு மணி நேரம் பாருங்கள்" என்றார். வேறு வழியின்றிப் பார்த்தேன். அரைமணி கழித்து விஷயம் புரிய ஆரம்பித்தது. ஒரு சிறு பறவை தன் பூப்புதருக்கு யார் வந்தாலும் துரத்தியது. துரத்திவிட்டு ஒவ்வொரு தடவையும் அதே பட்டுப்போன குச்சியில்தான் வந்து அமர்ந்தது. இன்னொன்று சண்டைக்கே போகவில்லை. தபால்காரர் தெருவைச் சுற்றுவதுபோல் ஒரே வரிசையில் பூக்களைச் சுற்றி, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் திரும்பி வந்தது. பறவையைத் துரத்தினால் வால்தான் கிடைக்கும். குச்சியைக் குறிவைத்துக் காத்திருந்தால் பறவை தானே வரும்.

அன்று மாலைக்குள் எனக்கு நல்ல படங்கள் ஐந்து கிடைத்தன. ஒன்றில், கால்களில் வெள்ளைப் பஞ்சுருண்டை கட்டினாற்போல் இறகும், வாலின் நுனியில் இரண்டு சிறு டென்னிஸ் மட்டைகளும் உள்ள பறவை. இன்னொன்றில் நீண்ட ஊதா வாலுள்ள பறவை. அதன் நிறம் சாயத்தினால் ஆனதல்ல. சோப்புக் குமிழியில் வர்ணம் தோன்றுவதுபோல், இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாவது. ஆகவேதான் ஒரு கணம் கரியாகத் தெரியும் கழுத்து, அடுத்த கணம் நெருப்பாகத் தெரிகிறது.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேறு வகைப் புகைப்படம் நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பூ; அதில் சர்க்கரைப் பாகு. பின்னால் பச்சைக் காட்டின் படம் அச்சடித்த திரை. சுற்றிலும் ஆறு பிளாஷ் விளக்குகள். விளக்கு விநாடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரமே மின்னுவதால் சிறகு அப்படியே அந்தரத்தில் உறைந்துவிடுகிறது. மாசசூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1930-களில் இத்தகைய மின்னல் விளக்கைக் கொண்டு ஹம்மிங் பறவைகளைப் படமெடுத்துக் காட்டினார். டூபாண்ட் கம்பெனியின் தலைவராயிருந்த க்ராஃபோர்ட் க்ரீன்வால்ட் அதே வழியில் பல தேசங்கள் சுற்றி, 1960-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். கண்ணுக்குப் புலப்படாத சிறகசைவை உலகம் அறிந்தது இவர்களைப் போன்றவர்களின் உழைப்பினால்தான்.

நானும் ஆசைப்பட்டு அங்கே பத்துப் படம் எடுத்தேன். ஒவ்வோர் இறகும் எண்ணலாம்போல் விழுந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க, எங்கள் ஊர் ஸ்டூடியோ ஞாபகம் வந்துவிட்டது. திரையில் எழுதிய தாஜ்மகாலின் முன்னே, கல்யாணமான மறுநாள் நானும் என் மனைவியும் விறைத்து நின்று எடுத்துக்கொண்ட படம் இன்னமும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நாங்கள் ஆக்ரா பார்த்ததில்லை! குச்சியில் உட்கார்ந்து கோபமாக முறைத்த அந்தச் சிறு பறவையின் படமே எனக்குப் பிரியமானதாக ஆயிற்று. அதற்காக ஒரு காலைப்பொழுது முழுவதும் நான் அதன் அயலானாக இருந்தேன் அல்லவா?

இந்த இடத்தில் ஜான் கூல்ட் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனில் வாழ்ந்த இந்தப் பறவை நிபுணர், 1849-ல் ஆரம்பித்து ஹம்மிங் பறவைகளைப் பற்றிய மாபெரும் சித்திர நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1851-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில், பஞ்சடைத்த ஹம்மிங் பறவைகளை ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து பார்க்கும்படி காட்சிக்கு வைத்தார். அத்தனையும் செய்தவர், உயிருள்ள ஒரு ஹம்மிங் பறவையை முதன் முதலில் கண்ணால் பார்த்தது 1857-ல், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில்! அந்தக் காலத்துச் சீமைப் பெண்மணிகளின் தொப்பிகளுக்காக இந்தப் பறவைகளின் தோல்கள் லண்டன் ஏலச்சாலைகளில் குவியல் குவியலாக விலை போயின. உலகம் அவற்றை அறிந்தது; ஆனால் பார்த்ததில்லை. கூல்டின் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, சிரிக்க எனக்கு யோக்கியதை உண்டா என்ற சந்தேகமும் வந்தது.

* * *

மிண்டோவில் மூன்றாம் நாள் மத்தியானம் பெருமழை. விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். வழிகாட்டி, "உங்கள் ஊரில் என்ன பறவைகள்?" என்று விசாரித்தார். எனக்கு உற்சாகம் பிறந்தது. எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கிராமத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டுவதையும், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்ப்பதையும், இமயமலையைத் தாண்டிவரும் பட்டைத்தலை வாத்து அங்கே வந்து குளிர்காலத்தைக் கழிப்பதையும் வர்ணித்தேன். வேடந்தாங்கலையும் விடவில்லை. ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாதென்று கிராமத்தார் முறையிட்டு, 1798-லேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடமிருந்து உத்தரவு பெற்ற கதையைச் சொன்னபோது, அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பதைக் குடியானவர்கள் கண்டிருந்தார்கள் என்றேன். "எங்கள் பக்கத்திலும் விவசாயிகளுக்கு இப்போது அது புரிகிறது" என்றார். அந்த வட்டாரத்தில் ஏஞ்சல் பாஸ் என்னும் விவசாயி, தம் நிலத்துக் காட்டில் ஒளிந்து வாழும் ஒரு தரைப்பறவைக்கு மரியா என்று பெயரிட்டு, புழு கொடுத்துப் பழக்கி, உலகமெங்குமிருந்து ஜனங்களைத் தம் காட்டுக்கு வரச் செய்திருக்கிறார். வெட்டுவதைக் காட்டிலும் விட்டு வைப்பதில் லாபம் இருக்கிறது.

"சரி, உங்கள் வீட்டு வாசலில் கூடு கட்டுகிற பறவை எது?" என்று அடுத்தபடி கேட்டார் அந்த மனிதர்.

நான் விழித்தேன். இமயமலையைத் தாண்டுகிற வாத்து தெரியும். வீட்டு வாசல் தெரியவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு டெலிபோன் செய்தேன். அங்கே காலை ஐந்தரை. என் மனைவி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நம் வாசலில் ஏதாவது பறவை கூடு கட்டுகிறதா?"

"இதைக் கேட்கவா அங்கே போனீர்கள்? கறிவேப்பிலை மரத்தில் தேன்சிட்டு மூன்று வருஷமாகக் கட்டுகிறதே! பைபோல் தொங்கும். ஒட்டடையை எடுத்துக்கொண்டு போய்த்தான் கட்டும். அதற்காகத்தான் தாழ்வாரத்து மூலையில் நான் ஒட்டடை அடிப்பதில்லை. சோம்பேறி என்று என்னை நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

மைத்துனன் கெட்டிக்காரன். அவன் விளக்கினான்: "அத்தான், ஹம்மிங் பறவையும் சிலந்தி நூலால்தான் கூட்டைக் கட்டுகிறது. ஆனால் இரண்டும் உறவு இல்லை. ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தவிர இன்று வேறெங்கும் கிடையாது. மொத்தம் 360 இனங்களுக்கு மேல், அத்தனையும் அங்கேதான். நம் தேன்சிட்டு காகம், குருவி இவற்றின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. தேனுக்காக ஒரே மாதிரி வேலை செய்து செய்து, ஒரே மாதிரி அலகும் மினுக்கும் வந்துவிட்டன. கொல்லனும் தட்டானும் சுத்தியல் பிடிக்கிறார்கள் என்பதற்காக அண்ணன் தம்பியாகிவிடுவார்களா?"

"அப்படியானால் ஹம்மிங் பறவைக்கு நம் ஊரில் உறவே இல்லையா?"

மழை விட்டிருந்தது. வழிகாட்டி மேலே கையைக் காட்டினார். மேகத்துக்குக் கீழே, அரிவாள்போல் வளைந்த சிறகுகளுடன் பெரிய கறுப்புப் பறவைகள் சில சுழன்று சுழன்று பூச்சி பிடித்துக்கொண்டிருந்தன. "கிந்தேயின் சொந்தக்காரர்கள்" என்றார்.

உழவாரன்! ஹம்மிங் பறவையும் உழவாரனும் ஒரே மூதாதையின் சந்ததிகள். இரண்டுக்கும் மேற்கை எலும்பு குட்டை. உள்ளங்கை எலும்பு நீளம். இரண்டுக்கும் நடக்க உதவாத சின்னஞ்சிறு கால்கள். இரண்டும் ஆகாயத்தையே வீடாக எண்ணிப் பிறந்தவை. ஒன்று பூவுக்கு வந்தது. மற்றொன்று மேகத்துக்குப் போயிற்று. நான் செம்பருத்திச் செடியில் தேடிக்கொண்டிருந்த உறவு, எங்கள் ஊர்ப் பனை மரத்தின் உச்சியில் பறந்துகொண்டிருக்கிறது. பனை உழவாரன் என்றே அதற்குத் தமிழில் பெயர்.

* * *

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அந்தப் பையன் எட்டாம் வகுப்புக்குப் போயிருந்தான். நான் முதல் நாளே அந்த வகுப்புக்குச் சென்று, வாளலகுப் பறவையின் படத்தைச் சுவரில் ஒட்டினேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். "போன வருஷம் ஒருவன் என்னைச் சரியான கேள்வி கேட்டான். நான் தப்பான பதில் சொன்னேன். அதோடு, தெரியாததை மறைப்பதற்கு அவனை உட்கார வைத்தேன். அது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன். வகுப்பில் நிசப்தம். உபாத்தியாயர் தப்பு என்று சொன்னால் சிரிக்கலாமா கூடாதா என்று பையன்களுக்குத் தெரியவில்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றந்தான். ஒரு வருஷத்து மௌனத்தை ஐந்து நிமிஷப் பேச்சினால் அழித்துவிடலாம் என்று எதிர்பார்த்தது என் பேராசை.

ஆனால் சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போது அவன் வந்து நின்றான். "ஸார், அந்தப் பனைக்குருவி எங்க வெளையில நெறைய இருக்கு. பாக்க வாரியளா?" என்றான்.

போனேன். செம்மண் தேரியில் நாற்பது ஐம்பது பனைகள். அஸ்தமன வெளிச்சத்தில் அவற்றைச் சுற்றிச் சிறு அரிவாள்களாக உழவாரன்கள் கீச்சிட்டுப் பறந்தன. அவன் ஒரு மரத்தைக் காட்டினான். மற்ற மரங்களில் காய்ந்த ஓலைகளைக் கழித்துச் சுத்தமாக்கியிருந்தது. அந்த மரத்தில் மட்டும் இரண்டு காவோலைகள் தொங்கின.

"கூடு இருக்க ஓலைய அப்பா வெட்ட மாட்டாவ ஸார். குஞ்சு பறந்தப்பொறம்தான் கழிப்பாவ."

ஓலையின் அடிப்பக்கத்து மடிப்பில், ஒரு சிட்டிகை பஞ்சுபோல் கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவன், ஒரு வருஷத்துக்குப் பிறகு, தன் அடுத்த கேள்வியைக் கேட்டான்.

"ஸார், ஓலை இந்த ஆட்டம் ஆடுதே, முட்டை ஏன் கீழ விழ மாட்டேங்கு?"

நாக்கு நுனியில் பழைய வியாதி எட்டிப் பார்த்தது. விழுங்கிவிட்டேன். "எனக்குத் தெரியாது, அப்பா. இன்றைக்குப் படித்துப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "சரி ஸார்" என்றான்.

இரவு புத்தகங்களைப் புரட்டினேன். உழவாரன் தன் எச்சிலையே பசையாக உபயோகித்துப் பஞ்சையும் இறகையும் ஓலையோடு ஒட்டுகிறது; முட்டைகளையும் அப்படியே கூட்டோடு ஒட்டிவிடுகிறது. காலையில் முதல் காரியமாக அதை அவனிடம் சொன்னேன். அவன் அதைத் தன் தகப்பனாருக்குச் சொன்னான். "எனக்கு அது முன்னமே தெரியும்லே" என்றாராம் அவர்.

திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன், பல காமிராக்களின் பாகங்களைத் தாமே பொருத்திச் செய்துகொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையில் நம் காட்டு ஜீவன்களைப் படமெடுத்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். அவரை நினைத்து எனக்கும் ரோஷம் வந்தது. மைத்துனன் இனாமாகக் கொடுத்த காமிராவை எடுத்துக்கொண்டு பத்து நாள் சாயங்காலம் அந்த விளைக்குப் போனேன். உழவாரன் குச்சியில் உட்காருகிற ஜாதியல்ல. ஆகவே என் மலைநாட்டு வித்தை ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு படம்: பனையோலை, கொஞ்சம் ஆகாயம், நடுவில் ஒரு கறுப்புக் கீற்று.

வாளலகுப் பறவைக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டியிருக்கிறோம். கீழே பெயர் எழுதும் வேலையைப் பையனிடமே விட்டேன். "பனைக்குருவி. ஈக்வடார் பறவைக்குச் சொந்தம். எங்கள் விளையில் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறான். புதிதாக வகுப்புக்கு வருகிறவர்கள், "இதில் பறவை எங்கே?" என்று கேட்கிறார்கள். அவன் எழுந்துபோய் விரலை வைத்துக் காட்டுகிறான்.